பொருந்தாததை அடிக்கவும்

செயலாளர் அறையிலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது.
கால்பந்துப் பயிற்சிக் குழுவில் மாற்றம்
தேவை / தேவையில்லை.
பொருந்தாததை அடிக்கவும்.
காரணம் எழுத இரண்டு கோடு.
அதற்குக் கீழே தட்டச்சில் என் பெயர்,
பெயருக்குப் பக்கத்தில் 'தற்காலிகம்'.

இந்த வருஷம் நாங்கள் அடித்தது பதினொன்று.
வாங்கியது இருபத்தாறு.
அதில் பதினான்கு
எழுபத்தைந்தாம் நிமிஷத்துக்குப் பிறகு.
நான் எழுதித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.
ஐந்து ரோட்டில் தட்டுவடை செட் போடுகிறவர்
பீட்ரூட் துருவியபடியே கேட்கிறார்:
"இன்னாசி சாரை எப்பங்க அனுப்பறீங்க?"
பூண்டுச் சட்னியைக் கொஞ்சம் கூடுதலாய்த் தடவி
எனக்கு இப்போதே வாழ்த்துச் சொல்கிறார்.

இன்னாசிமுத்து சார்
பந்தைத் தூக்கி முன்னால் போடு என்கிற ஆள்தான்.
முன்னால் நிற்கும் சபரிகிரி
ஐந்தடி மூன்று அங்குலம் என்பது
அவருக்கு ஒரு பொருட்டில்லை.
மாற்று ஆளை இறக்க அவர் கை உயர்வதற்குள்
பொழுது சாய்ந்துவிடும்.
ஞாயிறுகளில் பையன்களை ஏற்காட்டுப் பாதையில்
ஏழாவது கொண்டை ஊசி வரை ஓடவிடுவார்.
செவ்வாய் வரை தொடை வலிக்கும்.
திங்கட்கிழமை மாட்ச் இருக்கும்.
இதையெல்லாம் எழுதலாம்.
இரண்டு கோடு தாராளம்.

கோட்டுக்குள் அடங்காதது:
ஹாஸ்டலில் ராத்திரி முட்டை ஆடியில் நின்றது.
அதற்கு அவர் கொடுத்த கடிதங்கள் மூன்று.
மூன்றுக்கும் நகல் எடுத்தவன் நான்.
சென்டர் பேக் அர்த்தநாரி
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
விடிய விடியக் கொலுசுக் கண்ணி பற்றவைத்துவிட்டு
கண் சிவந்து வருவான்.
எழுபத்தைந்தாம் நிமிஷம் அவனுக்கு
முந்தின ராத்திரியின் மிச்சம்.

அப்புறம் அந்த அரையிறுதி.
கருப்பூர்ப் பக்கம், வெள்ளைக்கல் மண், கண் கூசும் மைதானம்.
எண்பத்திரண்டாம் நிமிஷம் அவர்களுக்குக் கார்னர்.
"ஆளுக்கு ஆள் வேண்டாம் சார்,
இடம் பிடிச்சு நிக்கட்டும்."
சொன்னவன் நான்.
இடம் பிடித்துத்தான் நின்றார்கள்.
யாரும் பிடிக்காத ஒருவன்
சந்தைக்கு வருகிறவன் மாதிரி நடந்து வந்து
தலையால் தொட்டான்.

திரும்பும் பஸ்ஸில் செயலாளர் போனில் கத்தினார்.
"என் முடிவுதான் சார்" என்றார் இன்னாசி சார்,
என் பக்கத்து சீட்டிலிருந்து.
என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால்
இந்தத் தாளை நிரப்புவது சுலபமாயிருக்கும்,
எந்தப் பக்கமாக என்றுதான் தெரியவில்லை.

மே மாதம்.
பந்துக்கு சீசன் முடிந்து மாம்பழத்துக்குத் தொடங்கியாயிற்று.
தற்காலிகத்துக்கு இந்த இரண்டு மாசம் சம்பளம் கிடையாது,
தலைமைப் பயிற்சியாளருக்கு உண்டு.
அதுவும் மனசில் இருக்கத்தான்
பேனாவைத் திறக்கிறேன்.
பூங்கொடி எதுவும் கேட்கவில்லை.
பையனின் பள்ளிக் கட்டணச் சீட்டைத்
தாளுக்குப் பக்கத்தில் வைத்து,
இரண்டும் பறக்காமலிருக்க
மேலே ஒரு குண்டு மாம்பழம் வைத்துவிட்டுப் போனாள்.

'தேவையில்லை'யில் பாதியை அடித்தால்
தேவைதான் மிஞ்சுகிறது.

நேற்று மைதானத்துப் பக்கம் போனேன்.
கோல் வலையை வேப்பமரத்தடியில் விரித்து
கிழிசலுக்கு நைலான் கயிறு கோத்துக்கொண்டிருந்தார்.
"ஜூன் பதினாறு ஆரம்பிச்சிரலாமா?
கார்னரை நீங்களே பாத்துக்குங்க.
இடம் பிடிச்சே நிக்கட்டும், பழகணும்ல."
கயிற்றின் மறுமுனையை நீட்டினார்.
பிடித்துக்கொண்டேன்.
வெயில் ஏறும்வரை வேறெதுவும் பேசவில்லை.
சட்டைப்பையில் தாள் வியர்த்தது.

இன்று முதல் கோட்டில் 'முட்டை' என்று எழுதினேன்.
படிக்கிறவர் நாங்கள் அடித்த கோல் கணக்கு
என்று நினைக்கக்கூடும்;
'ஹாஸ்டலில், ராத்திரி' என்று சேர்த்தேன்.
இரண்டாம் கோட்டில்
'அரையிறுதியில் அந்தக் கார்னர்' வரை வந்து
நிற்கிறது.
இன்னும் எதையும் அடிக்கவில்லை.
கடைசி நாள் வெள்ளிக்கிழமை.