கழற்றிக் கிடந்ததாம்

ரெக்ஸ்டேலில் கார்பெட் கடைக்கு மேல்மாடி,
விசாரணை அறை எண் நான்கு.
ஹீட்டர் ஓயாமல் கொட்டாவி விட்டது.
சுகிர்தமலர் இடது கையை
மேசைக்கு அடியிலேயே வைத்திருந்தாள்.
கையுறையில் இரண்டு விரல்கள் சும்மா.

அதிகாரி வாசித்தார்.
மாவு பிசையும் எந்திரத்தின் காப்புத் தகடு
சம்பவத்துக்கு முன்பே
இஸ் பிலீவ்ட் டு ஹாவ் பீன் ரிமூவ்ட்.

ஆறு பெட்டி ரயில்.
எஞ்சினில் ஆளில்லை.
முன்பெட்டிகள் இன்றைக்கு, இந்த அறையில் நிற்கின்றன:
நம்பப்படுகிறது.
பின்பெட்டிகள் நவம்பரில் எங்கோ:
கழற்றப்பட்டிருந்தது.
நம்பியவர் இறங்கிப் போய்விட்டார்.
கழற்றியவர் அவருக்கு முன்பே.
இரண்டு இருக்கையிலும் இன்னும் சூடு ஆறவில்லை.

ஒன்றைக் கூட்டாமல், ஒன்றைக் குறைக்காமல்
அந்த ரயிலைத் தமிழ்த் தண்டவாளத்தில் ஏற்றுவது
என் வேலை.
மணிக்கு முப்பத்திரண்டு டாலர்,
பார்க்கிங் தனி.

வாயில் முதலில் வந்தது ஓரசை.
ஆம்.
'கழற்றிக் கிடந்ததாம்.'
ஆறு பெட்டிச் சரக்கையும்
உதடு ஒருமுறை மூடுவதற்குள் இறக்கிவிடும் நம் மொழி.
ஆனால் இந்த 'ஆம்' அவ்வளவு நல்ல பிள்ளை இல்லை.
'வீடு வாங்கினானாம், அதுவும் ரொக்கத்துக்காம்' என்றால்
வீட்டைப் பற்றியா பேச்சு?
சொல்லும்போதே ஒரு புருவம் மேலே போகிறது.
அரசாங்கத்தின் புருவத்தை
நான் உயர்த்தக் கூடாது.

ஆகவே சொன்னேன்:
'கழற்றப்பட்டிருந்ததாக நம்பப்படுகிறது.'
படு. படு.
எவ்வளவு பட்டிருக்கிறது இந்தப் படு.
அடிபடும், வெட்டுப்படும், கடன்படும்,
யார் கண்ணிலும் படாமல் பாடுபடும்,
களைத்தால் கையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்ளும்.
ஆங்கிலத்தில் இதை இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறார்கள்.
நம்மிடம் இன்னும் கசங்கல்.

சுகிர்தமலர் என்னைப் பார்த்தாள்,
எந்திரத்தைப் பார்ப்பதுபோல்.
'அண்ணை, ஆர் கழட்டினது? அதைச் சொல்லுங்கோ.'

கேள்வியை ஆங்கிலமாக்கினேன்.
அண்ணையை விட்டுவிட்டேன்,
அதற்கு இந்த ஊரில் இடம் இல்லை.

அதிகாரி தாளைப் புரட்டினார்.
கெட்ட மனிதர் இல்லை. மகளின் படத்தை
பென்சில் டப்பாவில் ஒட்டியிருந்தார்.
'அந்தத் தகவல் பதிவு செய்யப்பட்டிருப்பதாகத் தெரியவில்லை.'
இன்னொரு ரயில். இதுவும் காலி.

அப்போதுதான் அவள் கை மேசைமேல் ஏறியது.
'டெரிக்தான் கழட்டினவன்.
லைன் மெதுவாப் போகுதெண்டு,
பின்னேரம் மூண்டரைக்கு,
மஞ்சள் பிடி போட்ட ஸ்பானராலை.
நான் கண்டனான்.'

எழுவாய், நேரம், கருவி, கண்.
நடுவில் நான் ஒருவன் இருப்பதே தெரியாமல்
அது என் வாய் வழியே நேராகப் போயிற்று.
விசைப்பலகை ஒரு கணம் நின்றது.
பிறகு ஓடியது.

திரையை எட்டிப் பார்த்தேன், பார்க்கக் கூடாது.
சக ஊழியர் ஒருவர் தகட்டைக் கழற்றியதை
மனுதாரர் கண்டதாகக் கூறப்படுகிறது.
கூறியவள் மூன்றடி தள்ளி உட்கார்ந்து
தண்ணீர் குடிக்கலாமா என்று
என்னிடம் சாடையில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

'மன்னிக்கவும்,' என்றேன்,
மொழிபெயர்ப்பாளன் தனக்கென்று திறக்கக் கூடாத வாயால்.
'பெயர் விடுபட்டிருக்கிறது.'
சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.
விடுபட்டிருக்கிறது.
டிக்கெட் எடுக்காமலே நானும் ஏறியிருக்கிறேன்.
இறங்கினேன்.
'பெயரை நீங்கள் எழுதவில்லை.'

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்து முடிக்க நேரம் எடுத்துக்கொண்டார்.
பிறகு கேட்டார்:
'டெரிக்கில் ஆர் ஒன்றா, இரண்டா?'

ஆர்.
காலையிலிருந்து அவள் கேட்டதும் அதைத்தான்.
திருப்பி அவளிடமே கேட்டேன்.

'ரெண்டு,' என்றாள் தண்ணீரை வைத்துவிட்டு.
'சட்டையிலை தைச்சுக் கிடந்தது.'