நடந்து முடித்த துண்டு

சந்நிதியில் இருந்து ஆறாம் நாள்.
புதுக்குடியிருப்பில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில்
கதிர்காம நடைக்காரர் முழுப்பேரும் சாய்ந்துவிட்டார்கள்.
வேலைச் சுவரில் சாத்திவிட்டு
"இனி நாளைக்கு விடியப்புறம்தான்" என்றார் கதிரமலையர்.
முழுப் பகல் ஒன்று கையில் விழுந்தது
சுகிர்தாவுக்கும் எனக்கும்.
கால்கள் நான்கு. கொப்புளங்கள் பதினொன்று.

கடைத்தெருவுக்கு நொண்டி நொண்டிப் போனோம்.
ஆறு நாளாய்ப் பனையும் மதகும்
எங்கள் வேகத்துக்கே வந்து போயிருந்தன;
இங்கே ஓட்டோ ஒன்று திரும்பினாலும் திடுக்கிட்டோம்.
மருந்துக்கடையில் பஞ்சு, பிளாஸ்டர்.
ஃபோன் கடைப் பொடியன்
இரண்டு ஃபோனையும் வாங்கிச் சார்ஜில் போட்டுவிட்டு
காசு வேண்டாம் என்றான்.
"கதிர்காமத்தில எனக்கும் சேர்த்துக் கும்பிடுங்கோ,
கனடா விசா."
சலூன் கண்ணாடிக்குள் கறுத்துப்போன இரண்டு பெண்கள் நடந்தார்கள்.
நாங்கள்தான் என்று விளங்க
இன்னும் இரண்டு கடை தாண்ட வேண்டியிருந்தது.

கொத்துரொட்டிக் கடை வாசலில் கணவாய் மணத்தது.
விரதம்.
"மணக்கிறதுக்கு முருகன் கணக்கு வைக்கிறேல்லை" என்று
அங்கேயே நின்று
மூக்கால் ஒரு பிளேட் சாப்பிட்டாள் சுகிர்தா.
பிறகு செருப்புக்கடை:
நீல வார், வீங்கின காலுக்கு ஒரு சைஸ் கூட.
விலை கேட்டு, வைத்துவிட்டு வந்து,
பாதி றோட்டில் திரும்பிப் போய் வாங்கினாள்.

பஸ் நிலையத்துச் சீமெந்துக் கட்டில்
ஒரு சுண்டு பாலைப்பழம்.
உதட்டில் எண்ணெய் பூச மறந்து தின்றோம்,
பால் ஒட்டி வாய்கள் பூட்டிக்கொண்டன.
முல்லைத்தீவு பஸ்ஸின் கொண்டக்டர்
ஊரைப் பார்த்துக் கூவினார், எங்களைப் பார்த்தும் கூவினார்.
இரண்டு ஊமைகள் தலையாட்டினோம்.

முதலில் அவளுடைய வாய்தான் திறந்தது.
"நாளைக்கு நான் இதில வாறன்.
நீ ஆக்களோட நட."
நான் அவள் காலைப் பார்த்தேன்.
"நோ இல்லை.
வட்டுவாகல் பாலம் மட்டும்
நான் ஏற்கெனவே நடந்து முடிச்ச துண்டு."
சொல்லிவிட்டு ஒரு கொட்டையைத் துப்பினாள்.

ஒன்பது வருடம் ஒரே கந்தோர், அடுத்தடுத்த மேசை.
அவளுடைய சீட்டுக்காசு எனக்குத் தெரியும்,
மகனுக்கு இறால் ஒத்துவராதது தெரியும்.
அந்த வைகாசியில் நான் வெள்ளவத்தையில்
ஃபேன் காற்றில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.
சொல்லத்தான் நினைத்தேன்.
பால் இன்னும் ஒட்டியிருந்தது,
அல்லது நான் அப்படி வைத்துக்கொண்டேன்.
"இந்தா" என்று
தேங்காயெண்ணெய்ச் சரையை என் பக்கம் தள்ளினாள்.

விடிய நடந்தோம்.
ஏழரைக்கு அந்த பஸ் எங்களைக் கடந்தது.
ஜன்னலோரம் அவள்;
நித்திரையோ, கண்ணை மூடியிருந்தாளோ.
றோட்டு நல்ல றோட்டு, நடுவில் வெள்ளைக் கோடு.
முள்ளிவாய்க்கால் கிட்ட வர
அரோகராச் சத்தம்
ஒருவரும் சொல்லாமலே குறைந்தது.
நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன்.
இருநூறு அடிதான். தார் சுட்டது.
திரும்பப் போட்டேன்.
பின்னால் வந்தவர் பார்த்தாரா என்று பார்த்தேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கம், ஒரு கல்லில்,
என் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.
புதுச் செருப்பில் தூசு இல்லை.
"அண்டைக்கு இதடியில பஸ் ஏத்தினவங்கள்" என்றாள்.
"இனித்தான் எனக்கு நடை."

எழும்பி, நாலடி வைத்துப் பார்த்து,
குனிந்து வாரை இழுத்துவிட்டாள்.
"ஒரு சைஸ் கூட எடுத்தும்
கடிக்குதடி."