அளவுநாடா

அனுராதபுரத்துக்குத்தான் போவதாக இருந்தது.
தலைக்கு மூவாயிரத்து இருநூறு.
பட்டியல் எழுதியவள் நான்:
முப்பத்தொரு பெயர்,
ஒன்பது பெயருக்கு நேரே மட்டும் சரி.
பஸ்காரர் முற்பணத்தைத் திருப்பித் தரவில்லை,
அமலதாஸ் சேர் அதைப் பற்றிப் பேசவுமில்லை.
“இடிந்த ஊர்தானே பார்க்கவேணும்?
நடந்தே போகலாம், வாங்க.”

மவுசாகலை வற்றிய பங்குனி அது.
தேயிலை முடிகிற இடத்தில்
பச்சை சட்டென்று அறுந்து
கீழே ஒரு பாலைவனம் கிடந்தது.
பாலைவனத்தைப் பாடப்புத்தகத்தில் பார்த்திருக்கிறோம்,
அதில் ஒட்டகம் நிற்கும்.
இதில் காய்ந்த மீன்செதிலும்
மின்சார சபையின் பலகையும்.
இறங்கத் தடை, மூன்று மொழியிலும்.
சேர் நாலாவதாக ஒரு மொழி வைத்திருந்தார்:
ஒரு கூறு வெற்றிலை.
காவற்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெடித்த சேற்றில்
கூரை ஓட்டின் மேல் நடப்பதுபோல் நடந்தோம்.
ஈரம் மிச்சமிருந்த ஓரிடத்தில்
கிங்ஸ்லியின் இடது சப்பாத்தைச்
சேறு வாங்கிக்கொண்டது.
“கற்காலம், இரும்புக்காலம்,
அதுக்குப் பிறகு சப்பாத்துக்காலம்.
தோண்டுறவன் எழுதட்டும்” என்றான்,
ஒற்றைக் காலில் நின்று.

கோயில் முதலில் வந்தது.
கூரை இல்லை. தூண்களில்
தண்ணீர் வருசாவருசம் போட்ட கோடுகள்,
ஒற்றைக்கோட்டுக் கொப்பி மாதிரி.
சாமியை முன்னமே மேட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம்.
“ஆட்களுக்கு முந்தியா, பிந்தியா?”
யோகராணி கேட்டாள்.
கேள்வியைக் குறித்துக்கொள்ளச் சொன்னார் சேர்.

பள்ளிவாசல் சுவருக்குள் நுழையும்போது
ருஷ்னா செருப்பைக் கழற்றினாள்.
ஏனென்று யாரும் கேட்கவில்லை, கழற்றினோம்.
கிங்ஸ்லிக்குப் பாதி வேலைதான்.

அப்பால் முழங்கால் உயரத்தில்
ஒரே நேராய் ஒரு கல்வரிசை.
“கோட்டை மதில்” என்றான் விதுஷன்.
“குதிரை லாயம்” என்றாள் யோகராணி.
சேர் குனிந்து சேற்றில் விரலால்
‘லாயம்’ என்று எழுதினார்,
துணைக்காலை மட்டும் அழித்தார்.

தையல் வகுப்பிலிருந்து இரவல் வாங்கிய நாடா,
முனை கிழிந்து மூன்றிலிருந்து தொடங்கும்.
கழித்துக் கழித்து அளந்தோம்.
நீளம் பன்னிரண்டு அடி. அகலம் பத்து.
அடுத்ததும் பன்னிரண்டு, பத்து.
மூன்றாவதுக்கு நாடா தேவைப்படவில்லை.

அப்போதுதான் மதுவந்தி,
வகுப்பில் பேர் கூப்பிட்டால் மட்டும்
வாய் திறக்கிறவள்,
இல்லாத வாசற்படியைக் கால் தூக்கிக் கடந்தாள்.
இல்லாத நிலைக்குத் தலை குனிந்தாள்,
மேலே முழு வானம் இருந்தும்.
நாலு எட்டு வைத்து இடப்பக்கம் திரும்பி
குந்தினாள்.
“அடுப்பு இங்கே.”
உள்ளங்கையால் சேற்றைத் தள்ளினாள்.
மூன்று கல்.
இத்தனை வருசத் தண்ணீருக்கும்
கழுவ முடியாத கறுப்பு.

யாரும் படம் எடுக்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து எடுத்தோம்.

ரொட்டியும் கட்டச்சம்பலும் தின்றபடி
கல்விக் கந்தோர் படிவத்தை நிரப்பினேன்.
கட்டடத்தின் காலம்: தெரியாது.
கட்டியவர்: பெயர் எழுதப்படவில்லை.
தற்போதைய நிலை
என்ற இடத்தில் பேனா நின்றது.
பிறகு எழுதினேன்:
ஆட்கள் இருக்கிறார்கள்.
சேர் வாசித்தார்.
சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார்,
மூடினார்,
கையெழுத்தை நீலத்தில் போட்டார்.

காவற்காரர் விசில் ஊத, மலையிலிருந்து
மூட்டம் இறங்கத் தொடங்கியது.
கிளம்பும்போது கிங்ஸ்லி
“ஒத்தைய வச்சு என்ன செய்ய?” என்று
வலது சப்பாத்தைக் கழற்றி
அந்தக் காம்பராவின் இஸ்தோப்பில்
சுவரோரமாய் ஒழுங்காக வைத்தான்.

சித்திரை பிறந்து மூன்றாம் நாள் மழை.
பள்ளிக்கூட ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தோம்,
கோயில் போயிற்று, மதில் போயிற்று.
நாற்பதடித் தண்ணீருக்குக் கீழே
ஒரு வாசலில் சப்பாத்து இருக்கிறது,
உள்ளே யாரோ
வந்திருப்பதுபோல.