எஸ் விழுந்த இடம்

வடக்கு என்றால் என்.
தெற்கு என்றால் எஸ்.
கையுறையோடு அமுக்கியதில்
ஒரு கட்டம் தள்ளி விழுந்துவிட்டது விரல்.

அல் வக்ராவில், புதுச் சாலையோரம்,
கழிவுநீர்க் குழாய்க்கு நான் குறித்த மேன்ஹோல்
மடகாஸ்கருக்குக் கிழக்கே
நடுக்கடலில் போய் இறங்கியிருந்தது.
புள்ளி எண் நானூற்றுப் பதினேழு.

"மூடியைத் திறந்தால் திமிங்கிலம்தான் வரும்"
என்று சிரித்தார் சர்வேயர் மரியலூயிஸ்.
சிரித்து முடித்துத் திட்டினார்.

பத்து மணிக்கு விசில்.
ஜூன் இருபத்தொன்று.
மூன்றரை வரை வெயிலில் யாரும் நிற்கக் கூடாது, சட்டம்.
ஷெட்டுக்குள் இருபத்தாறு பேர், ஒரே ஏர்கூலர்,
அதன் வாயில் தில் பகதூரின் ஈரச் சாக்ஸ்.
தூக்கம் வரவில்லை எனக்கு.
போனில் உலகத்தைப் பிரித்து வைத்து
அந்தத் தப்பான கோட்டைக்
கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனேன்.

தெற்கு இருபத்தைந்து பாகை, பத்துக் கலை.
நமீபியாவில் கரையேறுகிறது. மணல்.
கலஹாரி. மறுபடி மணல்.
மொசாம்பிக்கில் கொஞ்சம் பச்சை.
மடகாஸ்கரின் வால்.
என் மேன்ஹோலைத் தாண்டி வெறும் நீலம்,
விரல் சலிக்குமளவு நீலம்.
ஆஸ்திரேலியாவின் நடுவில் செம்மண்.
அப்புறம் பசிபிக்: பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தால்
கோட்டுக்குச் சற்று மேலே பேன் அளவில் ஒரு தீவு.
அங்கும் ஆட்கள் இருக்கிறார்களாம்,
எங்கள் கேம்ப் பஸ் ஒன்றுக்குக் காணும்.
சிலியில் திரும்பவும் பாலை.
அந்தப் பக்கமும் இந்த எண்ணுக்கு
மணல்தான் எழுதியிருக்கிறது.

இன்று இங்கே பகல்
பதின்மூன்று மணி நாற்பத்திரண்டு நிமிடம்.
அங்கே பத்து மணி முப்பத்தைந்து.
சம்பளச் சீட்டைக் கூட்டிப் பார்த்தே பழகிய கை
இதையும் கூட்டியது.
இருபத்துநான்கு வரவேண்டும்.
பதினேழு நிமிடம் கூடுதலாக வந்தது.
இரண்டு தரம் கூட்டினேன்.

மரியலூயிஸை எழுப்பிக் கேட்டேன்.
"காற்று வெளிச்சத்தை வளைக்கும்டா.
வருமுன்னே வந்த மாதிரி காட்டும்,
போனபிறகும் நிற்கிற மாதிரி காட்டும்."
புரண்டு படுத்துக்கொண்டார்.

இல்லாத சூரியன்.
யார் சீட்டிலும் ஏறாத பதினேழு நிமிடம்.
ஓவர்டைம் என்று எழுதிக்கொடுத்தால்
எந்த ஆபீஸில் கையெழுத்துப் போடுவார்கள்?

பதினொன்று முப்பத்தைந்துக்கு
வாசலில் போய் நின்றேன்.
காலையில் நட்டுவிட்டு வந்த
இரண்டு மீட்டர் கம்புக்கு
நிழல் ஆறு சென்டிமீட்டர்.
ஒரு பல்லி ஒதுங்காது அதில்.
இதே கம்பை அங்கே நட்டால் நடுப்பகலிலேயே
தெற்கு நோக்கி, கம்பைவிட நீளமாய் விழும்.
ஆள் படுக்கலாம்.
அகலம் போதாது, ஒருக்களித்துத்தான் படுக்கவேண்டும்.
எந்தப் பக்கம் தலை வைப்பது என்றுகூட யோசித்தேன்.
கடல் என்பது மறந்துவிட்டது.

இரவு அங்கே பதின்மூன்று மணிக்கும் மேல்.
எனக்குத் தெரிந்து யாரும் அவ்வளவு தூங்கியதில்லை,
போன ஆகஸ்ட்டில்
சாரத்திலிருந்து இறக்கிக் கொண்டுபோன
கமால் பாட்சாவைத் தவிர.

மூன்றரை. விசில்.
நானூற்றுப் பதினேழைத் திறந்து
எஸ்ஸை அழித்து, என் போட்டேன்.
மிஷின் ஒரு நொடி யோசித்தது.
ஐயாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் தாண்டிச்
சாலையோரத்தில் வந்து நின்றது புள்ளி.
சொட்டு ஈரமில்லை.

"ஆணியைத் தொடாதே" என்றான் தில் பகதூர்,
சுத்தியலைத் துணியில் சுற்றிப் பிடித்தபடி.

அவர்களுடைய உச்சிக்கும் கீழே
இப்போதுதான் இறங்கி வந்திருந்தது எங்கள் சூரியன்.
கம்பின் நிழல் கிழக்கே சாய்ந்து கிடந்தது,
கம்பைவிட நீளமாய்,
ஆள் படுக்கிற நீளத்தில்.

அதை மிதித்துக்கொண்டு
பத்துப் பேர் வேலைக்குப் போனோம்.