கூட்டக் குறிப்பு

வெல்லாவெளியில் கமநல நிலைய மண்டபம்.
சிறுபோகத்துக்கான ஆரம்பக் கூட்டம்.
மின்விசிறி மூன்று, சுற்றியது ஒன்று.
அதன் கீழே பொறியியலாளர்.

துருசு திருத்தக் காசு தந்தவர்கள்
கொழும்பில் இருந்து வாசிப்பார்களாம்.
குறிப்பு ஆங்கிலத்தில் வேண்டும்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்,
மேசை ஓரத்தில் ஒரு நாற்காலி,
வாய் திறக்கக் கூடாது என்ற ஒழுங்கு.

"பங்குனி இருவதுக்கு முதல் தண்ணி" என்று
அவர் சொல்லி முடிக்கவில்லை.
கடைசி வாங்கிலிருந்து வேல்நாயகி:
"ரெண்டாம் துருசு திறபடாது சேர்.
கதவு இறுகிப் போய்க் கிடக்கு."

இரவு. களுவாஞ்சிக்குடியில் வாடகை அறை.
அவள் பெயரை அடித்துவிட்டு
பக்கத்தில் வைக்க ஒரு வினைச்சொல் தேடுகிறேன்.

இன்டரப்டட் என்று போடலாம்.
போட்டால், ஓடிவந்த தண்ணீருக்கு நடுவே
யாரோ தள்ளிவிட்ட மண்கட்டி அவள்.
கட் இன் என்றால் கையில் மண்வெட்டி வந்துவிடுகிறது.
பட் இன், கிடாய் முட்டுகிற சத்தம்.
பார்ஜ்ட் இன் போட்டால் செருப்போடு ஏறி வந்தவள் ஆவாள்.
அவளோ வாசலில் கழற்றிவிட்டுத்தான் வந்தாள்.
பார்த்தேன். ஒன்றின் வாரைக் கம்பியால் கட்டியிருந்தது.
பைப்ட் அப், குருவிக் குஞ்சுக்குச் சரி.
இவளுக்கு ஐம்பத்தாறு வயது, நாலு ஏக்கர்,
ஒலிவாங்கி தேவைப்படாத குரல்.
சைம் இன் நல்ல சொல்தான், மணியோசை.
ஆனால் மணி ஒத்துத்தான் அடிக்கும்,
இல்லை என்று அடித்த மணியை நான் கேட்டதில்லை.

நம்முடைய சொற்களாவது கைகொடுக்குமா என்றால்
குறுக்கே விழுந்தாள்,
வாய் போட்டாள்,
மூக்கை நுழைத்தாள்.
ஒரு கதைக்குள் போவதற்கு
உடம்பில் எத்தனை இடம் அடிபடவேண்டும்!

சவளக்கடை ஆதம்லெப்பையும் எழும்பினார்.
"அவ செல்ற சரிதான். போன போகமும் இப்பிடித்தான்."
அதே கதை, அதே இடைநடு.
அவருக்கு நான் ஆடட் என்று அடித்தேன்,
யோசிக்காமலே.

இரண்டு பேரையும் வெட்டிக்கொண்டு பொறியியலாளர்,
"அதைப் பிறகு பாப்பம் அம்மா."
இதற்கு என் விரல் கிளாரிஃபைட் என்று போட்டிருக்கிறது.
பிறகு பார்ப்பதில் என்ன தெளிந்தது?
அழித்தேன்.
சம்பளம் இருபத்தைந்தாம் தேதி.
திரும்பப் போட்டேன்.

பழைய குறிப்புகளைத் திறந்து பார்க்கிறேன்.
ஆறு கூட்டம், எல்லாம் என் கை.
வட்டவிதானைமார் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்,
செயலாளர் வலியுறுத்தியிருக்கிறார்,
தேநீருக்குப் பிறகு வந்த ஒருவர்கூட
அவதானித்திருக்கிறார்.
பெயரோடு இருப்பவர்கள் இரண்டே பெண்கள்.
இருவரும் இன்டரப்டட்.

இதில் ஒன்று எழுதாமல் விட்டேன்.
மூன்றாம் முறை அவள் எழும்பியபோது
பொறியியலாளரைப் பார்க்கவில்லை.
மேசை ஓரத்தைப் பார்த்தாள்.
"மனே, நான் சென்னதை எழுதினியா?"
எண்பது தலை என் பக்கம் திரும்பியது.
பொறியியலாளர் பேனையை மூடினார்.
யாரும் என்னைக் கேட்கச் சொல்லவில்லை,
யாரும் எனக்கு முறை தரவில்லை.
"ஓம்" என்றேன்.

மணி ஒன்றரை.
ரெண்டாம் துருசு திறபடாது என்பதை
முதலாம் பக்கத்தில், முதலாம் வரியில் வைத்தாயிற்று.
நாளைக்கு மேலதிகாரி அதைக்
கீழே இறக்குவார், தெரியும்.
அவளுக்குச் சொன்னாள் என்று மட்டும் போட்டேன்.
வெறும் சொன்னாள். மற்ற எல்லாருக்கும்
அதையே மாற்றிக்கொண்டு வருகிறேன்,
செயலாளர் வரைக்கும் வந்தாயிற்று.

மிச்சம் அந்த ஓம்.
குறிப்பு எழுதுபவர் குறிப்பில் வரக் கூடாது.
எங்கே வைக்க அதை?