பழைய எண் 14, புதிய எண் 31

இரவு ஒன்றேகாலுக்குத் தேசப்பன் போன் செய்தார்.
"சார், பொட்டி மறுபடியும் ஒறஞ்சி போச்சு."
காசிமேட்டு ஐஸ் கிடங்கில் காவல் இருப்பவர்
வேறு எந்தச் சொல்லைச் சொல்வார்.

சைதாப்பேட்டையில் என் கட்டிலில் சாய்ந்தபடி
அதற்குள் நுழையப் பார்த்த அதே நிமிடம் அது.
மூன்று முறையும் அப்படித்தான்.
இரண்டு முறை நான் கவனிக்கவில்லை.

எறாவும் வஞ்சிரமும் அடுக்கிய நான்கு அறைகளின்
குளிரைக் கணக்கெழுதும் சின்னக் கணினி.
மைனஸ் பதினெட்டு.
மைனஸ் பதினெட்டு.
மைனஸ் பதினேழு புள்ளி எட்டு.
யாரும் கூப்பிடாதவரை
எத்தனை நாளானாலும் எழுதிக்கொண்டிருக்கும்.

முதலில் மெமரியை மாற்றினோம்.
பிறகு மின்வாரியத்தைத் திட்டினோம்.
பிறகு எலி. எலி இருந்தது உண்மைதான்,
ஆனால் அது வந்தது எறாவுக்காக.
முதலாளி உப்புக்காற்று என்றார்.
காசிமேட்டில் எதற்கும் பதில் தெரியாவிட்டால்
உப்புக்காற்று இருக்கிறது.

தூரத்திலிருந்து தொட்டால் செத்துப்போகிற ஒன்றை
பக்கத்தில் போய்த்தான் தொடவேண்டும்.
பைக்கை எடுத்தேன்.
பாரிமுனை வரை ஆளில்லை.
ராயபுரம் தாண்டினால்
கன்டெய்னர் லாரிகள் வரிசையாக, விளக்கணைத்து,
துறைமுகத்தின் பதிலுக்காக நின்றன.

திரையில் மணி 1:09.
கர்சர் இமைக்கவில்லை.
கேப்ஸ் லாக்கை அழுத்தினேன், நாடி பார்ப்பதுபோல.
பச்சை விளக்கு எரியவில்லை.
அணைத்தேன். எழுப்பினேன். அது கடைசியாக எழுதியதைப் படித்தேன்:
"இணைப்பு வருகிறது, முகவரி"
அதற்குப் பிறகு வெறும் பூஜ்யங்கள்,
கிழிந்த மூட்டையிலிருந்து கொட்டிய அரிசி மாதிரி.

அப்போதுதான் தேசப்பன் சொன்னார்,
"செவ்வாக்கெழம புது நெட்டு டப்பா மாட்டிட்டுப் போனாங்க சார்."
"ஏன் சொல்லவில்லை?"
"நீங்க எலியத்தான கேட்டீங்க."

புதிய டப்பா எல்லாருக்கும்
புதிய எண் கொடுத்துக்கொண்டிருந்தது.
நான்கு எண்ணும் மூன்று புள்ளியுமாக இருந்த பழைய முகவரியோடு
எட்டுக் கண்டமாக நீளும் ஆறாம் பதிப்பு முகவரி.
நம் தெருக்களில் இல்லாததா?
பழைய எண் 14, புதிய எண் 31.
தபால்காரர் தடுமாறுவார், பிறகு யாரையாவது கேட்பார்.
இந்தக் கர்னலுக்குக் கேட்கத் தெரியவில்லை.
புதிய எண்ணில் யாரோ கதவைத் தட்ட,
திறக்கவும் முடியாமல் திருப்பி அனுப்பவும் முடியாமல்
தாழ்ப்பாளில் கைவைத்தபடியே நின்றுவிட்டது.

சோதித்தேன்.
அதன் கீபோர்டிலிருந்தே அதையே கூப்பிட்டேன்.
பழைய எண்ணில்: கடவுச்சொல் கேட்டது, உள்ளே விட்டது.
புதிய எண்ணில்: கர்சர் நின்றது. பச்சை விளக்கு இல்லை.
நான்காவது சாவு, முதன்முதலாக என் கண்ணெதிரே.
கொலைகாரன் சந்தோஷம் என்று ஒன்று இருந்தால் அதுதான்.
தேசப்பன் என் முகத்தைப் பார்த்துவிட்டு
"சரியாச்சா சார்?" என்றார்.
"இல்லை. ஏன் சாகுதுன்னு தெரிஞ்சுபோச்சு."

ஒரு கோப்பில் ஒரு வரி:
ஆறாம் பதிப்பை ஏற்றாதே.
இன்னொன்றில் இன்னொரு வரி:
பழைய வாசலில் மட்டும் காது கொடு.

நாலு மணிக்கு வெளியே டீக்கடையில் நின்று
போனிலிருந்து உள்ளே போனேன்.
ஏலம் தொடங்கியிருந்தது.
யாரோ ஒரு கூடை சங்கராவுக்கு விலை ஏற்றிக்கொண்டிருந்தார்.
கேட்டுக்குள்ளிருந்து தேசப்பனின் குரல்:
"ஓடுது சார்! ஓடுது!"
மைனஸ் பதினெட்டு, என்றது என் உள்ளங்கை.

பில்லில் 'பழுது நீக்கம்' என்று எழுதக் கூசியது.
நோயை நான் தொடவில்லை.
ஒரு வாசலைச் செங்கல் வைத்து அடைத்தேன்.
கர்னலைப் புதுப்பிக்கிற நாள் வரும்.
அதற்குமுன் யாராவது அந்த வரியை அழிப்பார்கள்,
இது எதற்கு இங்கே என்று.

ஒன்பதரைக்கு, தூக்கத்தில், கூரியர் பையன்.
"சார், நம்பர் பழசா புதுசா?"

பழசு, என்றேன்.
பிறகு ஏனோ பயந்துபோய்
இரண்டையும் சொன்னேன்.