இன்னைக்கு எங்க கீறோம்

காலை ஏழு பத்துக்கு
தஸ்தகீர் பாய் போன் செய்வார்.
சலாம் இல்லை, சாப்பிட்டியா இல்லை.
"இன்னைக்கு எங்க கீறோம்?"

சத்துவாச்சாரி மூன்றாம் மாடியில்
வாயில் பிரஷ்ஷோடு தேடுவேன்,
என் பெயரைக் கழற்றி வைத்த ஜன்னலில்,
முன்பின் தெரியாத எவனோ தேடுவது போல:
வேலூர் ஆஸ்பத்திரி பக்கம் ரூம்
சமைக்க வசதியோடு
லிஃப்ட் இருந்தால் நல்லது.

ஜனவரி முதல் வாரம் மூன்று.
பொங்கல் கழிந்து ஒன்பது.
ஒரு செவ்வாய் காலையில் ஐந்து,
அன்று மாலையே இருபத்து மூன்று.
நடுவில் நாங்கள் ஒன்றும் செய்யவில்லை.
பாய் மட்டும் வரவேற்பறைக்குப்
பச்சை பெயின்ட் அடித்திருந்தார்.
"அது கூகுளுக்கு எப்படித் தெரியும் பாய்?"
"எல்லாம் தெரியும்னு நீதானே சொன்ன."

பிப்ரவரியில் ஒரு தப்பு செய்தேன்.
நாலாயிரம் ரூபாய்க்கு
அறுநூறு இணைப்புகள் வாங்கினேன்.
பனி பெய்யும் ஏதோ நாட்டில்
நாய்த்தீனி விற்கும் பக்கம் சொன்னது,
வேலூரில் தங்க இதுவே சிறந்த இடம்.
சீட்டாட்டப் பக்கம் அதையே சொன்னது.
கூரை மாற்றுகிறவர்கள் சொன்னார்கள்.
அவர்களில் ஒருவரும்
காட்பாடியில் விடியுமுன் இறங்கி
எக்ஸ்ரே உறையை நெஞ்சோடு அணைத்தபடி
ஆட்டோக்காரர்கள் நடுவே நின்றதில்லை.

தண்ணியில்லா ஆறு, மரமில்லா மலை என்று
இந்த ஊரை வைய ஒரு பட்டியல் உண்டு.
ஆளில்லாச் சிபாரிசு என்று
என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துவிட்டேன்.

ஒரு வாரம் இரண்டாம் இடம்.
பாய் பிரியாணி அனுப்பினார்.
அடுத்த வாரம் எழுபத்தெட்டு.
பிரியாணியைப் பற்றி
இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

அறுநூறையும் வேண்டாமென்று
வரி வரியாக எழுதி அனுப்பினேன்,
பேப்பரில் மகனைக் கைகழுவும் தகப்பன் போல:
இவர்களுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை,
கொடுக்கல் வாங்கலுக்கு நான் பொறுப்பல்ல.
கொடுக்கல் இருந்தது.
ரசீதும் இருக்கிறது.

அறைகளைப் புதிதாகப் படமெடுக்கப் போனேன்.
பதினாலாம் நம்பரில்
மால்டாவிலிருந்து வந்த ஷெஃபாலி மண்டல்
வாடகை ஸ்டவ்வில் மீன் வைத்திருந்தாள்.
ஜன்னல் கட்டையில் ஒரு நோட்டு.
பதினெட்டாயிரம்.
நாற்பத்தொன்று.
மறுபடி இருபத்தாறு.
கணவனின் ரத்தத்தட்டுகள்.
அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.
ஏன் இறங்குது என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்.
டாக்டரும் பார்ப்போம் என்றுதான் சொல்கிறார் என்றாள்.
என் பையிலும் ஒரு நோட்டு இருந்தது.
வெளியே எடுக்கவில்லை.

அவள் கேட்டதெல்லாம் வேறு:
எந்தக் கவுன்டர் எத்தனை மணிக்கு,
ராத்திரியில் திறந்திருக்கும் மருந்துக்கடை,
ரோகு மீன் எங்கே,
"வலிக்குதா"வுக்கு என்ன பதில் சொல்வது.
எல்லாவற்றுக்கும் விடை தேடி
பாபு ராவ் தெருவை நாலு நாள் சுற்றினேன்.
நான் எழுதியதை அவள் வங்காளியில் திருத்தினாள்.
விடுதியின் பெயர் அதில்
கடைசியில் ஒருமுறைதான் வந்தது.

அவள் ஊர் கால்பந்து கிளப்பின் பக்கத்தில்
கோப்பையோடு நிற்கும் பையன்களின் கீழே
எங்களுக்கு ஓர் இணைப்பு விழுந்தது.
ஒன்றே ஒன்று.
எழுபத்தெட்டு, எழுபத்து நாலு,
எண்பத்தொன்று, ஐம்பத்திரண்டு.
அதனால்தான் ஏறியது என்று சொல்ல மாட்டேன்.
இந்தத் தொழிலில்
இதனால்தான் என்று சத்தியம் செய்பவன்
நாலாயிரம் கேட்கப் போகிறான்.

ஒருநாள் இரவு பதினொன்றுக்கு பாயின் போன்.
யாரோ இரண்டு பேர் வந்திருக்கிறார்களாம்,
அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு,
மீன் கடைக்கு அடிக்கோடு போட்டு.
"கட எடம் மாறிச்சாமே, மாத்தி எழுது."
வேறெதுவும் கேட்காமல் வைத்துவிட்டார்.

மறுநாள் ஏழு பத்து.
"எங்க கீறோம்?"
"நாப்பத்தாறு பாய்."
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பின்னால் யாரோ வாளியை இழுக்கும் சத்தம்.
"பதினாலு காலி பண்ணிட்டாங்க."

கடைசியாக நோட்டில்
எந்த எண் இருந்தது என்று
நான் கேட்கவில்லை.